பனி இருட்டில் உயிரோடு விளையாடும் ஓட்டம்! பட்டாளக் கனவோடு ரோட்டில் இறங்கும் கணியம்பாடி வாலிபர்கள்

காலை 4-45 மணி. மார்கழிப் பனி கொட்டுகிறது. வேலூர்-திருவண்ணாமலை ரோட்டில் கணியம்பாடி இன்னும் கண் விழிக்கவில்லை. டீக்கடையில் மட்டும் பாய்லர் புகைகிறது. கோவில் ஒலிபெருக்கி "கரகர"வென்று தொண்டையைச் சரி செய்து கொள்கிறது.

அப்போது இருட்டுக்குள் இருந்து ஒரு சத்தம். "தட்... தட்... தட்..."

திருடனா? போலீசா? இரண்டும் இல்லை. கறுப்பு டிரவுசர், கறுப்பு பனியன் போட்ட நாலைந்து வாலிபர்கள் ரோட்டு ஓரமாக ஓடி வருகிறார்கள். மூச்சு புகையாகக் கிளம்புகிறது. ஒருவன் கையில் செல்போன். அதில் வினாடி ஓடுகிறது. இன்னொருவன் காதில் பாட்டு ஓடுகிறது.

பின்னால் ஒரு வெளிச்சம். லாரி! "பாம்ம்..." என்று ஆரன் அலறுகிறது. வாலிபர்கள் மண் ரோட்டில் துள்ளிக் குதிக்கிறார்கள். லாரி போகிறது. அவர்கள் மறுபடியும் தார் ரோட்டில் ஏறி ஓடுகிறார்கள்.

இன்று தப்பித்தார்கள். நாளை?

வீட்டுக்கு ஒரு சிப்பாய்

இந்த ஓட்டம் உடம்பு இளைப்பதற்காக ஓடும் ஓட்டம் இல்லை. வேலைக்காக ஓடும் ஓட்டம். சோற்றுக்காக ஓடும் ஓட்டம்.

கணியம்பாடி ஒன்றியத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு. ராணுவப்பேட்டை! வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், அல்லது இருந்து ஓய்வு பெற்றிருப்பார் என்று சொல்லும் அளவுக்குப் பேர் போன ஊர். தாத்தா சிப்பாய், அப்பா அவில்தார், மகன் அடுத்த முகாமுக்குத் தயார் என்பது இங்கே சாதாரணம்.

வேலூர்ச் சீமைக்கே இது பழைய வழக்கம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரில் இருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று அது சொல்கிறது. தினமும் அதன் அடியில் ஆயிரம் பேர் காய்கறி வாங்கிக் கொண்டு போகிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு.

பட்டாளம் இல்லாவிட்டால் போலீஸ். அதுவும் இல்லாவிட்டால் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனி. இதுதான் இந்தப் பக்கத்துப் பையன்களின் கணக்கு. கம்பெனி வேலையை இவர்கள் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் சர்க்கார் சம்பளமும், காக்கிச் சட்டையும், பச்சைச் சட்டையும் கிடைக்குமானால் விடுவார்களா?

வினாடி எமன்

அந்தச் சட்டைக்கும் வாலிபனுக்கும் நடுவில் நிற்பது ஒரு கடிகாரம்.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது 1.6 கிலோ மீட்டர் ஓட வேண்டும். 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண் 60. ஒரு வினாடி தாண்டினால் 48. அதாவது ஒரே ஒரு வினாடிக்கு 12 மதிப்பெண் "அவுட்".

தமிழ்நாடு போலீசில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 5 கிலோ மீட்டர், 24 நிமிடம்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அக்னிபாத் திட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் வேலூரிலேயே ஆள் சேர்ப்பு முகாம் நடந்தது. அடுத்த ஆண்டு முதல் முதலில் கம்ப்யூட்டர் தேர்வு, பிறகுதான் ஓட்டம் என்று மாறியது. பரீட்சை எழுதி ஜெயித்தவனும் கடைசியில் ஓடித்தான் ஆக வேண்டும்.

பகலில் பையனுக்கு நேரம் இல்லை. காலேஜ் போக வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிக்குப் போக வேண்டும். ஆக, கிடைப்பது விடியற்காலம் ஒன்றுதான்.

"டேய் கண்ணு, பனி கொட்டுது. தலைக்கு எதாச்சும் கட்டிக்கினு போடா."

"ஓடுனா சூடு வந்துடும், போம்மா."

மார்கழியில் வீட்டுக்கு வீடு இதே பேச்சு. அம்மாவின் கவலை எல்லாம் பனி. ஆனால் பையனுக்கு எமன் பனியில் இல்லை. பனிக்குள் மறைந்து வரும் சக்கரத்தில் இருக்கிறான்.

ஏன் ரோடு?

"ஊரில் இத்தனை இடம் இருக்க, ரோட்டில் எதற்கு ஓடுகிறார்கள்?" என்று பஸ்சில் போகிறவர்கள் கேட்பது உண்டு.

காரணம் இருக்கிறது. ரோடு மட்டமாக இருக்கும். கல் குத்தாது, கால் பிசகாது. ஆங்காங்கே விளக்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ரோட்டில் கல் நட்டிருக்கிறது. கிலோ மீட்டருக்கு ஒரு பெரிய கல். நடுவில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல். எட்டு சின்னக் கல் தாண்டினால் 1,600 மீட்டர். டேப் வேண்டாம், மாஸ்டர் வேண்டாம். சர்க்காரே அளந்து வைத்த மைதானம்!

ஆனால் அந்தக் கல்லை நட்டது வண்டிக்காக. ஓடுகிறவனுக்காக இல்லை.

சூரியன் செய்யும் மோசடி

கோடையில் இதே ரோட்டில் இதே நேரத்தில் ஓடினால் இத்தனை ஆபத்து இல்லை. ஜூன் மாதம் வேலூர்ப் பக்கம் சூரியன் சுமார் 5-45 மணிக்கே உதித்து விடுகிறது. 5-20 மணிக்கெல்லாம் எதிரே வருகிறவர் முகம் தெரியும்.

ஜனவரியில் சூரியன் உதிப்பது சுமார் 6-40 மணிக்கு. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தாமதம். 6-15 மணி வரை மை இருட்டு. ஆனால் பையன் அலாரத்தை மாற்றுவது இல்லை. ஜூனில் 5 மணிக்கு ஓடியவன் ஜனவரியிலும் 5 மணிக்கே ஓடுகிறான். ஜூனில் வெளிச்சத்தில் முடிந்த ஓட்டம், ஜனவரியில் இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது.

இதற்கு மேல் மூடுபனி. வடகிழக்கு மழை பெய்து ஓய்ந்த நேரம். ஏரியில் தண்ணீர், வயலில் ஈரம். வானம் வெளுத்த ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து விடுகிறது. காற்றும் அசையாமல் நிற்கும். ஈரக்காற்று தரையோடு தரையாகப் பனிப்புகை ஆகிறது. ஏரிக்கரை ஓரம், ஆற்றுப் பாலம், பள்ளம், இந்த இடங்களில்தான் அது திட்டுத்திட்டாக உட்கார்ந்து கொள்ளும். நூறு அடி ரோடு பளிச்சென்று தெரியும். அடுத்த அடி வைத்தால் வெள்ளைச் சுவர்!

யார் யார் வருகிறார்கள்?

விடியற்காலை ரோடு காலியாக இருக்கும் என்று நினைப்பது தப்பு. அந்த நேரத்து ரோட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

பால் வண்டி. பூ மூட்டை, காய்கறி மூட்டை ஏற்றிய மினி லாரி. ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ், வேன். திருவண்ணாமலை பஸ். கரும்பு டிராக்டர். அதற்குப் பின்பக்க விளக்கு எரிந்தால் அதிசயம்.

மார்கழி, தை என்றால் இன்னும் ஒரு கூட்டம். சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் போய் வரும் பக்தர்கள் வேன். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய டிரைவர். மணி நாலில் இருந்து ஆறு வரை கண் சொக்கும் நேரம். வண்டி ஓட்டும் எவரைக் கேட்டாலும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் பயந்து சொல்வார்கள்.

கண்ணாடியில் பனி. எதிர் வண்டியின் ஹைபீம் வெளிச்சம். சொக்கும் கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் கறுப்பு பனியன் போட்ட பையன்!

ஒன்றரை வினாடி கணக்கு

கணக்கு போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் பாய்கிறது. டிரைவர் ஆளைப் பார்க்க வேண்டும். "ஆள்" என்று மூளைக்குப் புரிய வேண்டும். கால் பிரேக்குக்குப் போக வேண்டும். இதற்கே ஒன்றரை வினாடி. அதற்குள் கார் 25 மீட்டர் வந்து விட்டது. அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். இது உலர்ந்த ரோட்டில், நல்ல பிரேக்கில். பனி நனைத்த ரோட்டில், பாரம் ஏற்றிய லாரியில் இன்னும் கூடும்.

தாழ்த்திய விளக்கு வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரன் 20, 30 மீட்டரில்தான் கண்ணில் படுவான். நிற்க வேண்டியது 45 மீட்டர். தெரிவது 30 மீட்டர். மீதி 15 மீட்டருக்கு யார் பொறுப்பு?

வெள்ளைச் சட்டை போட்டால் இன்னும் தள்ளித் தெரியும். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டினால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே பளிச்சென்று காட்டும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முதுகிலும் பையிலும் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுகிறார்களே, அது இதற்காகத்தான். லாரிக்குப் பின்னால் ஒட்டும் அதே சிவப்புப் பட்டை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். ஒரு முழம் வாங்கினால் நாலு பேருக்குப் போதும்.

அதை எங்கே ஒட்டுவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. முதுகில் மட்டும் ஒட்டினால் போதாது. கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டிக் கொள்ள வேண்டும். கையும் காலும் ஆடும்போது பட்டையும் ஆடும். ஆடும் வெளிச்சத்தைப் பார்த்தால் "ஆள் ஓடுகிறான்" என்று டிரைவருக்கு உடனே புரியும்.

முதுகில் கண் இல்லை

அடுத்த தப்பு, இடது பக்கம் ஓடுவது. "இடது பக்கம் செல்லவும்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தது வண்டிக்கு. நடைபாதை இல்லாத ரோட்டில் நடக்கிறவனும் ஓடுகிறவனும் வலது பக்கம்தான் போக வேண்டும். வண்டி முகத்துக்கு எதிரே வர வேண்டும்.

இடது பக்கம் ஓடினால் வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிறது. முதுகில் கண் கிடையாது. டிரைவர் தூங்கினால் ஓடுகிறவனும் சேர்ந்து செத்தான். வலது பக்கம் ஓடினால் வண்டி தள்ளாடி வருவது முன்னாலேயே தெரியும். மண்ணில் குதிக்க இரண்டு வினாடி கிடைக்கும். அந்த இரண்டு வினாடிதான் உயிர்.

காதில் மாட்டும் பாட்டு மெஷினை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். பனியில் கண் பாதி போய்விட்டது. காதையும் அடைத்துக் கொண்டால் மிச்சம் என்ன? காதை இறுக்கிக் கட்டும் மப்ளர், குரங்குக் குல்லாயும் அப்படித்தான். குளிர் தாங்காவிட்டால் காது திறந்திருக்கும்படி தலையில் துண்டு கட்டினால் போதும்.

நாலு பேர் ஓடினால் நாலு பேரும் கைகோத்த மாதிரி வரிசையாக ரோட்டை அடைத்து ஓடக்கூடாது. ஒருவர் பின் ஒருவர். முன்னால் ஓடுகிறவன் கையில் ஒரு டார்ச். செல்போன் விளக்கே போதும். ஆனால் செல்போனைப் பார்த்துக் கொண்டு ஓடக்கூடாது!

ஓட்ட மன்னருக்கே இந்தக் கதி

இதெல்லாம் வீண் பயம் என்று நினைப்பவர்கள் இரண்டு சம்பவங்களைக் கேளுங்கள்.

2023-ம் ஆண்டு மார்ச் 19-ந்தேதி. மும்பை வொர்லி கடற்கரை ரோடு. காலை ஓட்டம் ஓடிக் கொண்டிருந்த ஒரு பெண், வேகமாக வந்த கார் மோதி இறந்தார். பெரிய கம்பெனியின் தலைமை அதிகாரி அவர். மாரத்தான் ஓடிப் பழகியவர். பட்டிக்காட்டு இருட்டு ரோடு இல்லை, பெருநகரத்து விசாலமான ரோடு.

2025-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி. பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் அருகே சொந்த ஊர் ரோட்டில் நடந்து போன பௌஜா சிங் மீது ஒரு வண்டி மோதிவிட்டுப் பறந்தது. அவருக்கு வயது 114. 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியவர். 100 வயதில் கனடாவின் டொரண்டோ நகரில் மாரத்தான் ஓடி முடித்து உலகத்தையே வாய் பிளக்க வைத்தவர். கிழமும் நோயும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. பட்டப்பகலில் ஒரு ரோடு செய்துவிட்டது.

நாடு முழுக்கக் கணக்கு பார்த்தால் 2022-ம் ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் வண்டியிலேயே இல்லாதவர்கள். பாதசாரிகள்! தினமும் சராசரி 90 பேர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் விபத்து 64,105. இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர்.

ஒரு எலும்பு போதும்

உயிர் போனால்தான் நஷ்டம் என்று இல்லை. பட்டாளத்துக்குத் தயாராகும் பையனுக்கு ஒரு எலும்பு முறிந்தாலே போதும், கதை முடிந்தது.

ஓட்டத்தில் ஜெயித்த பிறகு மெடிக்கல் பரிசோதனை இருக்கிறது. முட்டி, கணுக்கால், பாதம், நடை எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். கோணலாகச் சேர்ந்த எலும்பு, முழுசாக மடங்காத முட்டி, இரண்டில் ஒன்று இருந்தாலும் "அன்பிட்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இதற்கு நடுவில் வயது வரம்பும் ஓடிக் கொண்டே இருக்கும். எலும்பு சேரும்வரை அது காத்திருக்காது.

வேலைக்காக ஓடிய ஓட்டமே வேலையைப் பறித்துவிட்டால், அந்த வீட்டில் யாரிடம் போய் அழுவது?

குளிர் என்ன செய்யும்?

இனி பனிக்கு வருவோம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். வேலூர்ப் பக்கம் வெயிலுக்குத்தான் பேர் போனது என்றாலும், ஜனவரி விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பக்கத்தில் ஜவ்வாது மலை. காற்று சில்லென்று இறங்கும்.

உண்மையைச் சொன்னால் இந்தக் குளிர் ஓடுவதற்கு நல்லது. வெயிலில் ஓடுவதைவிட உடம்பு லேசாக இருக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் பாயக்கூடாது. ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த சதை விறைத்திருக்கும். படுக்கையில் இருந்து எழுந்து நேராக "ஸ்டார்ட்" என்று பாய்ந்தால் தொடைச் சதை "சுளுக்"கென்று பிடித்துக் கொள்ளும். கிழிந்தாலும் கிழியும். பத்து நிமிடம் நடை, பிறகு மெல்லோட்டம், கை கால் உதறல். நெற்றியில் வியர்வை அரும்பிய பிறகு வேகம்.

ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சுக் குழாயைச் சுருக்கும். ஓடும்போது "விசில்" மாதிரி மூச்சு வந்தால், நெஞ்சு இறுகினால் உடனே நின்றுவிட வேண்டும். டாக்டர் கொடுத்த இழுப்பு மருந்து பையில் இருக்க வேண்டும். மூக்கை மெல்லிய துணியால் மூடிக் கொண்டால் காற்று சற்றுச் சூடாகி உள்ளே போகும். போகிப் பண்டிகை அன்று டயரும் பாயும் எரியும் புகையில் யாருமே ஓடக்கூடாது. ஒருநாள் ஓடாவிட்டால் பட்டாளம் ஓடிப் போய்விடாது.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வியர்வை போய்க் கொண்டுதான் இருக்கும். கிளம்பும்முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்ததும் ஒரு சொம்பு. நனைந்த பனியனோடு டீக்கடையில் அரட்டைக்கு உட்கார்ந்தால் உடம்பு வெடவெடக்கும். மாற்றுச் சட்டை ஒன்றைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

பையன்களைப் பார்த்து அப்பாக்களும் கிளம்பிவிடுகிறார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். சூரியன் வந்த பிறகு நடந்தால் குடியா முழுகிவிடும்? நெஞ்சில் பாரம், இடது கை வலி, தாடை வலி, திடீர் வியர்வை என்றால் "வாயு" என்று சோடா குடித்துக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழகாத உடம்பை ஒரே நாளில் விரட்டுவதும் விபரீதம். 2024-ம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் ஜார்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஒரு மணி நேரத்தில் 10 கிலோ மீட்டர் ஓட வேண்டும். 12 வாலிபர்கள் இறந்து போனார்கள். ஓட்டத்தையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள். அது புழுக்க காலம், இது பனிக்காலம். ஆனால் பாடம் ஒன்றுதான். உடம்பு "போதும்" என்று சொன்னால் கேட்க வேண்டும். "சக்தி ஊசி, சக்தி மாத்திரை" என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

ரோட்டை விட்டால்?

"சரி, ரோடு வேண்டாம். வயலில் ஓடலாமா?" என்றால் அங்கேயும் இருட்டில் ஆபத்து உண்டு.

இந்தப் பக்கத்து நிலங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் இருக்கின்றன. தரையோடு தரையாக வாய் பிளந்து கிடக்கும். மூடுபனியில் குறுக்கு வழி என்று போனால் தெரியாது. வரப்பில் விரியன் படுத்திருக்கும். அறுவடை நேரத்தில் எலியைத் தேடி வரும். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் நேராக அரசு ஆஸ்பத்திரி.

நாய்க் கூட்டம் துரத்தினால் ஓடக்கூடாது. ஓடினால் அது இன்னும் துரத்தும். நின்று, கண்ணுக்குக் கண் முறைக்காமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனையில் காசு இல்லை.

பின்னே எங்கேதான் ஓடுவது? வழி இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூட மைதானம், பகலில் பார்த்து வைத்த அகலமான ஏரிக்கரை, வண்டி அதிகம் வராத உள் ரோடு. ஒரு கயிறு, இரண்டு முளைக்குச்சி, கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் 200 மீட்டர் வட்டம் போட்டுவிடலாம். எட்டுச் சுற்று சுற்றினால் 1,600 மீட்டர். மைல் கல்லுக்கு ஏன் ஏங்க வேண்டும்? நிஜத் தேர்விலும் மைதானத்தில்தான் சுற்ற விடுகிறார்கள். நேர் ரோட்டில் ஓடிப் பழகியவன் வளைவில் வினாடியை விட்டுவிடுவான்.

மைதானத்துக்குப் பூட்டு போட்டிருந்தால் பத்துப் பையன்கள் சேர்ந்து தலைமை ஆசிரியருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் எழுதிக் கேட்கலாம். ஊரில் ஓய்வு பெற்ற ராணுவத்தார் இருக்கும்போது சாவி வாங்க ஆள் பஞ்சமா? காலை 5-30 முதல் 7 வரை கேட்டைத் திறந்து, ஒரே ஒரு விளக்கைப் போட்டால் எத்தனை வீட்டு விளக்கு அணையாமல் இருக்கும்!

இன்னும் ஒரு சுலப வழி. அலாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது. மார்கழி, தை இரண்டு மாதம் மட்டும் வேக ஓட்டத்தை 6-15 மணிக்கு மேலே வைத்துக் கொள்ளலாம். அதற்குமுன் வீட்டு வாசலிலேயே தண்டால், உட்கார்ந்து எழுதல். கம்பெனிக்குப் போகிறவன் ஓட்டத்தைச் சாயங்காலம் வைத்துக் கொள்ளலாம்.

பெண்களும் ஓடுகிறார்கள்

போலீஸ் வேலைக்குப் பெண்களும் ஓடுகிறார்கள். அவர்களுக்கு லாரி பயம் மட்டும் இல்லை. தனியாக ஓடாமல் மூன்று, நாலு பேராக ஓடுவது நல்லது. எந்த வழி போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்ல வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே வழி என்று வைத்துக் கொள்ளக்கூடாது. செல்போனில் "காவல் உதவி" செயலி, அவசர போலீசுக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. பெண்ணை வீட்டில் உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது. அண்ணனோ அப்பாவோ சைக்கிளில் பின்னால் வந்தால் அதுவே பெரிய துணை.

அடிபட்டால் என்ன செய்வது?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் விபத்து நடக்கலாம். ஓடுகிறவன் சட்டைப் பையில் பெயர், வீட்டு போன் நம்பர், ரத்த வகை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும். டிரவுசர் பனியனில் கிடக்கிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் மணிக்கணக்கில் அலைய வேண்டாம்.

108-க்குப் போன் செய்ய வேண்டும். கழுத்தைத் திருப்பாமல், தூக்கி உட்கார வைக்காமல், ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேலூருக்கும் கணியம்பாடிக்கும் நடுவிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்-நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல், அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று மத்திய அரசு நிவாரணம் வைத்திருக்கிறது. போலீசில் முதல் தகவல் அறிக்கை போட்டு, தாலுகா அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

"தூக்கிவிட்டால் கோர்ட்டு, கேசு என்று இழுப்பார்களே" என்று ஒதுங்க வேண்டாம். உதவி செய்கிறவரைப் பாதுகாக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே தனிப் பிரிவு சேர்த்துவிட்டார்கள். பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

டிரைவர்களுக்கு

டிரைவர் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். தாழ்த்திப் போடுங்கள். ஏரிக்கரை, பாலம், ஊர் எல்லை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். கண் சொக்கினால் ஓரம் கட்டி முகம் கழுவி, ஒரு டீ குடித்து, இருபது நிமிடம் சாயுங்கள். ரோட்டோரம் ஓடுகிறவன் நாளை எல்லையில் நின்று உங்கள் வீட்டுக்குக் காவல் இருக்கப் போகிறவன்.

மணி 6-40

கணியம்பாடியில் பொழுது விடிகிறது. மலைக்குப் பின்னால் இருந்து சூரியன் எட்டிப் பார்க்கிறது. பனி கலைகிறது. கம்பெனி பஸ் கூட்டத்தை அள்ளிக் கொண்டு போகிறது. டீக்கடையில் ஓடி வந்த பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னிக்கி எவ்ளோடா?"

"அஞ்சு நாப்பது."

"இன்னும் பத்து செகண்டு குறைக்கணும்டா."

குறைக்கலாம். தினமும் ஓடினால் குறையும். ஒரு மாதத்தில் வராவிட்டால் இரண்டு மாதத்தில் வரும். ஆனால் அந்தப் பத்து வினாடியைப் பிடிக்க நாளைக் காலையும் அவன் ஓட வேண்டும். அதற்கு இன்று முழு உடம்போடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

வாசலில் கோலம் போட்டுக் கொண்டிருக்கும் அம்மா அடிக்கடி நிமிர்ந்து தெருமுனையைப் பார்க்கிறாள். அவள் கையில் கடிகாரம் இல்லை. மகன் எத்தனை நிமிடத்தில் ஓடினான் என்பது அவளுக்கு வேண்டாம். வந்துவிட்டானா என்பதுதான் வேண்டும்.